தோழி இல்லாத அகம்

காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த குறுந்தொகை 210ஆம் பாடலில் பேசுவது தோழி. பிரிந்து போன தலைவன் திரும்பி வருகிறான். நான் இல்லாத நாளில் இவளை நன்றாக ஆற்றியிருந்தாய் என்று தோழியைப் பாராட்டுகிறான். தோழி அந்தப் பாராட்டைத் தான் எடுத்துக்கொள்ளாமல், விருந்து வரப்போவதைச் சொல்லிக் கரைந்த காக்கைக்குக் கொடுத்துவிடுகிறாள். காக்கை கரைந்தால் விருந்தினர் வருவர் என்ற நம்பிக்கைக்குச் சான்றாகவே இந்தப் பாடல் பெரும்பாலும் வகுப்பில் நடத்தப்படுகிறது. பெண்கள் வாசிக்கும்போது கண்ணில் படவேண்டியது வேறொன்று. காதலில் காத்திருப்பது ஒரு வேலை. காத்திருப்பவளை உயிரோடு வைத்திருப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாம் வேலையைச் செய்ய அகப்பாட்டில் ஒருத்தி இருந்தாள்.

இன்றைய காதலில் அவள் எங்கே போனாள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. தலைவியின் கையில் தலைவனை நேராக அடையும் கருவி வந்துவிட்டது. தூது இனித் தேவையில்லை. அதை விடுதலை என்று சொல்லிவிடலாம். பாதி விடுதலைதான் அது. மீதிப் பாதியைப் பேச சங்க அகமரபையும், தொலைதொடர்பைக் கதையின் மையத்தில் வைத்த சில தமிழ்ப் படங்களையும் சேர்த்து வாசிக்கிறேன்.

தொல்காப்பியக் கற்பியல் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பன்னிரண்டு வாயில்களைப் பட்டியலிடுகிறது. தோழி, தாய், பாங்கன், பாணன், விறலி, கூத்தர், கண்டோர் எனப் பலரும் அதில் உண்டு. ஒரு காதலுக்குப் பன்னிரண்டு கதவுகள். பிற்காலத் தூது இலக்கியமோ அன்னம், மயில், கிளி, முகில், குயில், தென்றல், வண்டு, நெஞ்சு எனத் தூதுப்பொருள்களைப் பத்தாக வகுத்தது. அந்தப் பட்டியலிலும் தோழிக்கு ஓர் இடம் உண்டு. மதுரைச் சொக்கநாதருக்குத் தமிழையே தூதனுப்பினாள் ஒரு தலைவி. அழகருக்குக் கிளியை அனுப்பினாள் இன்னொருத்தி. தூது போகும், மாலை வாங்கி வா என்று கேட்பாள், மறுமொழி வருமுன்பே நூல் முடிந்துவிடும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இந்த மரபைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நோக்கமில்லை. பிரிவதற்கான காரணங்கள் எல்லாம் ஆணுக்கே வகுக்கப்பட்டிருந்தன: கல்வி, போர், தூது, காவல், பொருள். கடல்கடந்த பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்றும் இலக்கணமே சொல்லிவிட்டது. இருத்தல் அவளுடைய உரிப்பொருள். தேடிப் போன வெள்ளிவீதியை ஔவையார் அகநானூற்றில் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது என்றால், அப்படிப் போவது எவ்வளவு அரிது என்பது விளங்கும். தோழியும் முழு உரிமை உள்ளவள் இல்லை. தலைவியின் பொருட்டே அவள் பேசுவாள். தனக்கென்று ஒரு காதல் அவளுக்கு அநேகமாக எழுதப்படவே இல்லை. அவளுடைய பெரும் முயற்சி வரைவு கடாவுதல், அதாவது களவைத் திருமணத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஆனாலும் மூன்று காரியங்களை அவள் செய்தாள். அவன் சொன்னதற்குச் சாட்சியாக இருந்தாள். அவன் பொய் சொன்னபோது வாயில் மறுத்தாள். ஊர் பேசத் தொடங்கியதும் அதை முதலில் கேட்டு வந்து தலைவியிடம் சொன்னாள். சாட்சி, தடுப்பு, எச்சரிக்கை: இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

அகத்தியன் இயக்கி 1996இல் வந்த 'காதல் கோட்டை', சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கித் தந்தது. ஊட்டிப் பெண் கமலியின் சான்றிதழ்கள் பயணத்தில் தொலைந்துபோகின்றன. ஜெய்ப்பூரில் வேலை செய்யும் சூர்யா அவற்றைக் கண்டெடுத்து அஞ்சலில் அனுப்பிவைக்கிறான். கடிதம் தொடங்குகிறது, முகம் பார்க்காமலே காதலிப்பது என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். பின்னர் இருவரும் சென்னையில் இருக்கிறார்கள். அவன் ஓட்டும் ஆட்டோவிலேயே அவள் ஏறுகிறாள். இன்னார் என்று இருவருக்கும் தெரியாது. தொலைவில் இருந்தபோது நெருக்கம், ஒரு கை தூரத்தில் வந்தபோது அந்நியம். தொலைதொடர்புக் காதலின் அடிப்படைச் சிக்கலை இவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சி தமிழ்த் திரையில் குறைவு.

அந்தப் படத்தைக் கற்பின் புதிய பதிப்பு என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. உடல் படாத காதலே உயர்ந்தது என்ற பழைய எண்ணம் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காதல் ஒரு பெண்ணின் படிப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. அவனுக்கு முதலில் தெரியவருவது அவளுடைய பெயரும் படிப்பும், முகம் இல்லை. பார்க்கப்படும் பொருளாக இல்லாமல், எழுதும் ஆளாக அவள் காதலிக்கப்படுகிறாள். பார்வையாளராகிய நமக்கு மட்டும் அவள் முகம் தொடக்கத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது என்பது சினிமாவின் தந்திரம். கதைக்குள் அவள் மூன்று மணி நேரம் காதலனின் கண்ணிலிருந்து தப்பித்திருக்கிறாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1999இல், கதிரின் 'காதலர் தினம்' இணைய அரட்டையில் தொடங்கும் காதலைக் காட்டியது. அப்போது நம் ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் திறக்கத் தொடங்கியிருந்தன. மணிக்கணக்கில் காசு, பலகை தடுத்த அறை, பின்னால் ஆள் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யும் விரல்கள். அங்கே போக ஒரு பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும். பரீட்சை முடிவு பார்க்க என்று சொல்லலாம். கூடவே ஒரு தோழியும் வேண்டும். அதுவரையிலும் வாயில்காரி இருந்தாள். கருவி தனி ஆளின் உள்ளங்கைக்கு வந்தபிறகே அவள் வெளியேறினாள்.

தொலைவில் உள்ளவர்களின் கதை சினிமாவுக்கு வெளியே இன்னும் நீளமானது. வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்தக் கேசட்டை வீடே உட்கார்ந்து கேட்கும். கடிதத்தை மாமியாரோ மைத்துனரோ பிரிப்பார்கள். 'நலம், நலமறிய ஆவல்' என்ற வரிக்கும் 'வேறு விசேஷம் இல்லை' என்ற வரிக்கும் நடுவே தன் ஆசையை ஒளித்து எழுதப் பழகிய பெண்கள் ஒரு தலைமுறை முழுக்க உண்டு. தணிக்கையை மீறும் மொழி அவர்களுடையது. அதை நம் இலக்கிய வரலாறு இன்னும் எழுதவில்லை. இன்று வீடியோ அழைப்பு வந்துவிட்டது. யாரும் பிரித்துப் படிக்க முடியாது. ஆனால் கடிதம் கேட்காத ஒன்றை அது கேட்கிறது: "பின்னால யாரு? கேமராவத் திருப்பு." கடிதத்தில் அவள் தேர்ந்தெடுத்ததை மட்டுமே அவன் பார்த்தான். இப்போது அறையைப் பார்க்கிறான், உடையைப் பார்க்கிறான், எடுக்கத் தாமதமான நொடிகளை எண்ணுகிறான். யாழ்ப்பாணத்துக்கும் டொராண்டோவுக்கும் இடையே பேசி நிச்சயிக்கப்பட்ட பெண்ணும், கீழக்கரைக்கும் துபாய்க்கும் இடையே குடும்பம் நடத்தும் பெண்ணும் அந்தத் திருப்பப்படும் கேமராவை அறிவார்கள்.

அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரே கல்லூரி, ஒரே பேருந்து, ஒரே தெரு. ஆனால் சேர்ந்து உட்கார ஓர் இடம் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாடிப்படி வைத்த கல்லூரிகள் நம் மாநிலத்தில் உண்டு. பூங்காவில் உட்கார்ந்தால் காவலர் வருவார். காதலர் தினத்தில் தாலியோடு ஒரு கூட்டம் வரும். சாதி வேறானால், பேசினார்கள் என்ற செய்தியே உயிருக்கு உலை வைக்கும். ஆகவே பத்தடி தூரத்தில் இருப்பவனோடும் அவள் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறாள். பகற்குறியும் இரவுக்குறியும் இன்று அந்தத் திரைக்குள்தான். வகுப்பில் குறியிடங்களைப் பற்றிச் சொல்லும்போது மாணவிகள் சட்டென்று சிரிப்பதற்குக் காரணம் அதுதான். இரவு பதினொரு மணிப் போர்வை அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குறியிடத்துக்கு ஒரு வினோதமான குணம் உண்டு. அது கணக்கு வைக்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன்பே 'லாஸ்ட் சீன்' வந்துவிட்டது. பிறகு இருப்பிடத்தைப் பகிரும் வசதியும் வந்தது. தூதுவிட்ட பழைய தலைவிக்கு, சேதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாததே பெருந்துன்பம். இன்றைய தலைவிக்கு எல்லாம் தெரிகிறது. அவளுக்கு அதுவே துன்பம். படித்துவிட்டான், பதில் இல்லை. பன்னிரண்டரைக்கு ஆன்லைனில் இருந்தான், தன்னோடு இல்லை. முல்லைத் திணையில் காத்திருப்புக்கு ஒரு பருவம் இருந்தது. கார் வந்தால் அவன் வந்துவிடவேண்டும். நம்முடைய காத்திருப்புக்குப் பருவம் இல்லை. ஒவ்வொரு இரண்டு நிமிடமும் ஒரு கார்காலம் பொய்த்துப்போகிறது.

இந்தக் கணக்கு இருபாலருக்கும் பொதுவானது என்பார்கள். கருவி பொதுவானதுதான், கேள்வி கேட்கும் உரிமை பொதுவாக இல்லை. அவன் பதில் தராவிட்டால் வேலை. அவள் பதில் தராவிட்டால் யாரோடு பேசிக்கொண்டிருந்தாய். கடவுச்சொல்லைத் தருவது காதலின் சான்றாகிவிட்டது. அதைத் தர மறுப்பவள் எதையோ மறைக்கிறாள். பொதுமை எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கணக்கெடுப்பும் சொல்கிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57 விழுக்காடு. தான் பயன்படுத்தும் கைபேசி ஒன்று தனக்கென்று உள்ள பெண்கள் பாதிக்குச் சற்றுதான் மேல். அப்பாவின் போனில், அண்ணனின் பழைய போனில், காதலன் வாங்கித் தந்த போனில் பேசுபவளின் பேச்சு யாருடைய உடைமை?

2022இல் வந்த பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே' இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நழுவிப்போன படம். காதலர்கள் இருவரும் ஒருநாள் தங்கள் கைபேசிகளை மாற்றிக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் திருமணம் என்கிறார் பெண்ணின் தந்தை. அரங்கு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நடுக்கமும் கலந்திருந்தது. படத்தின் நேர்மை அதில்தான்: நம் தலைமுறையின் அந்தரங்கம் ஒரு கைப்பிடி அளவு கண்ணாடிக்குள் இருக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தப் படத்தின் அமைப்பைப் பாருங்கள். இருவருக்கும் நடுவே மீண்டும் ஓர் இடையீட்டாளர் வந்துவிட்டார். அவர் தோழி இல்லை, தந்தை. திருமணத்தைத் தரும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. அதை விலையாக வைத்து அந்தரங்கத்தைத் திறக்கச் சொல்கிறார். அதைச் சோதனை என்று படம் கொண்டாடுகிறது. சீதைக்கும் இப்படித்தான் ஒரு சோதனை வைத்தார்கள். இங்கே ஆணும் தீக்குளிக்கிறானே என்று கேட்கலாம். இரண்டு தீயும் ஒரே சூடு இல்லை. அவனுடைய ரகசியங்கள் வெளியாகும்போது அவன் கெட்டிக்காரன், கேடி, கேலிக்குரியவன். அவள் படம் வெளியாகும்போது அவள் வாழ்வே முடிந்துபோகும் நிலை. பிற்பகுதியில் நாயகியின் முகம் ஒட்டப்பட்ட ஓர் ஆபாசக் காணொளி பரவுகிறது. அது போலி. படம் அதைப் போலியாக வைத்ததால் அவளுக்கு அனுதாபம் எளிதில் கிடைத்துவிடுகிறது. அது உண்மையாக இருந்திருந்தால்? காதலித்த ஒருவனுக்கு நம்பி அனுப்பிய படமாக இருந்திருந்தால்? அவன் நிற்பானா, அந்தத் தந்தை நிற்பாரா, அரங்கு நிற்குமா? போலி என்று நிரூபிக்கப்பட்ட பிறகே ஒரு பெண்ணுக்கு மரியாதை என்றால், அந்த மரியாதை நிரூபணத்துக்குப் போகிறது. பெண்ணுக்கு அதில் பங்கில்லை.

சட்டம்கூட இந்தப் படத்தைவிட ஓரடி முன்னால் நிற்கிறது. 2013இல் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354சி பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு. அந்தரங்கப் படம் எடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப அவள் இசையவில்லை என்றால் பரப்பியது குற்றம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. இசைவு ஒருமுறை தந்துவிட்டால் என்றைக்கும் எதற்கும் செல்லும் சீட்டு இல்லை. இந்த ஒரு வரியை நம் கல்லூரிகளில் ஒவ்வொரு ஜூனிலும் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

மறுப்பைப் பற்றியும் பேசவேண்டும். மருதத்தில் தலைவி வாயில் மறுப்பாள். கதவு திறக்காது, பாணன் வாசலில் நிற்பான். ஆனால் அந்த மறுப்பு ஊடல் என்று பெயர் பெற்று, கூடலில் முடிந்துவிடும். திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகை. எவ்வளவு அழகான மரபு! அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. பெண்ணின் எந்த மறுப்பையும் ஊடலாக வாசிக்க அது ஆண்களைப் பழக்கிவிட்டது. அவள் வேண்டாம் என்பது இன்னும் கொஞ்சம் கெஞ்சு என்பதாகக் கேட்கிறது. திரைப்பாடல்கள் ஐம்பது ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்திவருகின்றன. 'பிளாக்' என்ற பொத்தான் இந்த மரபில் ஒரு புதுமை. காரணம் சொல்லாமல், அழாமல், கூடலுக்கு நாள் குறிக்காமல் ஒரு பெண் கதவை மூட முடிகிறது. அதனால்தான் அது ஆண்களுக்கு அவ்வளவு கோபமூட்டுகிறது. இன்னொரு எண்ணிலிருந்து அழைக்கிறார்கள், போலிக் கணக்கில் வருகிறார்கள். பணம் அனுப்பும் செயலியில் ஒரு ரூபாயை அனுப்பி, அதன் குறிப்பில் 'பேசு' என்று எழுதுபவர்களும் உண்டு. ஒரு ரூபாய்க்குப் பாணனை வாடகைக்குப் பிடித்து வருகிறார்கள். அது ஊடல் இல்லை, முடிவு என்று அவனிடம் போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு தோழி இல்லை.

அகத்திணைக்கு ஓர் அடிப்படை விதி உண்டு: காதலர் பெயரைச் சொல்லக்கூடாது. அழகியல் விதியாகவே இதைக் கற்பிக்கிறோம். யார் என்று தெரியாததால் அந்தப் பாட்டு யாருக்கும் பொருந்துகிறது என்கிறோம். இப்போது அதைப் பாதுகாப்பு விதியாகவும் படிக்கத் தோன்றுகிறது. ஊருக்கு வாய் இருந்தது. அம்பல் வாய்க்குள் முணுமுணுக்கும்; அலர் ஊரெங்கும் பரவும். ஆனால் அலர் பேச்சு, அது தேயும். குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் ஊரார் பேச்சே காதலுக்கு உரமாகிறது. திருமணத்தை விரைவுபடுத்தக்கூட அது உதவும். ஸ்கிரீன்ஷாட் தேயாது. அதில் பெயர் இருக்கும், எண் இருக்கும், முகம் இருக்கும், நேரமும் இருக்கும். பத்து ஆண்டுக்கு முந்தைய காதலை நேற்று நடந்ததுபோல் அது காட்டும்.

இதன் கோர முகத்தைப் பொள்ளாச்சியில் பார்த்தோம். சமூக ஊடகப் பழக்கத்தின் வழியே பெண்களை வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கும்பலின் செயல் 2019இல் வெளிவந்தது. புகார் தந்த பெண்ணின் அடையாளம் காவல்துறையாலும் அரசாணையாலுமே வெளியில் வந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் சொல்லாதே என்று ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு விதி எழுதிய மொழியில்தான் அந்த அரசாணையும் ஊரும் இயங்குகின்றன. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு வந்தது பெண்கள் வாய்திறந்து சாட்சி சொன்னதால். ஆனால் 2019க்கும் 2025க்கும் இடையே எத்தனை வீடுகளில் மகள்களின் கைபேசி பறிக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைக்கவேண்டும்.

களவு தெரிந்ததும் தலைவியை வீட்டுக்குள் அடைப்பதற்கு இற்செறிப்பு என்று பெயர். நம் காலத்து இற்செறிப்பு கைபேசியைப் பறிப்பதில் தொடங்குகிறது. குற்றம் செய்தவன் கையில் போன் இருக்கும், பாதிக்கப்பட்டவளிடம் இருக்காது. கூடவே வகுப்புக் குழுவும் பாடக்குறிப்பும் வேலை விண்ணப்பமும் போய்விடும். அடுத்த மாதம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். இதைப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் செய்கிறார்கள். கேரளத்தில், மாலை ஆறு முதல் பத்து மணிவரை பெண்கள் விடுதியில் கைபேசியை ஒப்படைக்கச் சொன்ன கல்லூரிக்கு எதிராக ஒரு மாணவி நீதிமன்றம் போனார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் கேட்டது காதலிக்கும் உரிமையை இல்லை, படிக்கும் நேரத்தை. ஆனால் இரண்டும் ஒரே கருவிக்குள் இருக்கின்றன. ஒன்றைப் பறித்தால் மற்றொன்றும் போகும்.

ஆகவே கருவியைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாமியார் பிரித்துப் படித்த கடிதத்துக்கும், தந்தை கேட்டு வாங்கிய கைபேசிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மாறியிருப்பது ஒன்றுதான்: கடிதக் காலத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். இன்று காதல் முழுக்க இருவருக்குள் பூட்டப்பட்ட ரகசியமாகிவிட்டது. அவன் மிரட்டத் தொடங்கும் நாளில், அவளுடைய பக்கத்தைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மிரட்டலின் பலமே அந்தத் தனிமைதான். "வீட்டில சொல்லிடுவேன்" என்ற வாக்கியம், ஏற்கெனவே ஒருத்தியிடம் சொல்லிவிட்டவளை அவ்வளவு எளிதில் சாய்க்காது.

தோழி என்பவள் சங்க இலக்கியத்தில் ஒரு பாத்திரம். நாம் அவளை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். அவன் அனுப்பிய மிரட்டலை அழிக்காமல் பத்திரப்படுத்தச் சொல்பவள். காவல்நிலையம் போகப் பயந்தால், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் தராமலும் புகார் செய்யலாம் என்றும், 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும் என்றும் தெரிந்து வைத்திருப்பவள். படம் வெளியாகிவிட்டது என்று அழுபவளிடம், ஏன் அனுப்பினாய் என்று கேட்காதவள். வகுப்புக் குழுவுக்கு அந்தப் படம் வந்தால் பார்க்காமல், முன்னுப்பாமல், அனுப்பியவனின் பெயரைக் குறித்துக்கொள்பவள். அவள் மாணவியாக இருக்கலாம், ஆசிரியராக, அக்காவாக, அம்மாவாகவும் இருக்கலாம். அம்மாக்கள் அந்த இடத்துக்கு வர இன்னும் கொஞ்சம் துணிய வேண்டியிருக்கிறது. செவிலியின் மகள்தான் தோழி என்று இலக்கணம் சொல்கிறது. நம் வீடுகளில் செவிலியும் இல்லை, மகளும் இல்லை, இருக்கும் பெண்கள்தான் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

குறுந்தொகைத் தோழி தனக்கு வந்த பாராட்டைக் காக்கைக்குக் கொடுத்தாள். நாம் அவ்வளவு அடக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒருத்தியை ஆற்றியிருந்தது நாம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதைக் கேட்டு இன்னொருத்தி நம்மைத் தேடி வரக்கூடும்.